பழைய சரக்கு வண்டி வாங்கும் முன் பார்க்க வேண்டியவை



மளிகைக் கடை நடத்துகிறவர்களில் பலர் சொந்தமாக ஒரு சிறிய சரக்கு வண்டி இருந்தால் நல்லது என்று நினைக்கிறார்கள். 2005-ஆம் ஆண்டில் டாடா ஏஸ் வந்த பிறகு இந்த ஆசை சிறு கடைக்காரருக்கும் எட்டும் தூரத்துக்கு வந்தது. நம் மக்கள் அதற்குக் 'குட்டி யானை' என்று பெயரே வைத்துவிட்டார்கள். பின்னர் மகிந்திரா, அசோக் லேலண்ட் கம்பெனிகளும் சிறிய வண்டிகளைக் கொண்டுவந்தன. புதிதாக வாங்க முதல் போதாதவர்கள் பழைய வண்டி தேடுகிறார்கள். என் மண்டிக்குச் சரக்கு எடுக்க வருகிறவர்கள், "அண்ணாச்சி, ஒரு வண்டி விலைக்கு வந்திருக்கிறது, ஒரு எட்டு வந்து பாருங்கள்" என்று கூப்பிடுவது வாடிக்கையாகிவிட்டது. ஒவ்வொருவரிடமும் தனித்தனியே சொல்வதை இங்கே எழுதிவிடுகிறேன்.

பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் சாவியைப் போட்டு இன்ஜின் சத்தத்தைத்தான் கேட்கிறார்கள். சத்தம் நன்றாக இருந்தால் பாதி மனது வாங்கிவிடுகிறது. இது தலைகீழ் முறை. இன்ஜின் கெட்டால் செலவு செய்து சரி பண்ணலாம். அந்தச் செலவை முன்கூட்டியே கணக்கிட்டு விலையில் குறைத்துக் கேட்கவும் செய்யலாம். சேஸ் வளைந்திருந்தால் முழுதாகச் சரியாவது அரிது. பேப்பர் சரியில்லாவிட்டால் நல்ல வண்டியும் நம்முடையதாக ஆகாது. ஆகவே முதலில் பேப்பர், இரண்டாவது சேஸ், கடைசியில் இன்ஜின் என்ற வரிசையில் பார்க்க வேண்டும்.

முதலில் தேவையைக் கணக்குப் பாருங்கள்

வாரம் இரண்டு நடை மட்டும் மண்டிக்குப் போய் வருகிற கடைக்காரர் மாதம் எட்டு நடை போவார். நடைக்கு வாடகை 1,200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 9,600 ரூபாய். சொந்த வண்டிக்கு 3 லட்சம் ரூபாய் போட்டால், நூற்றுக்கு 12 வட்டிக் கணக்கில் மாதம் 3,000 ரூபாய் வட்டி மட்டுமே. இன்சூரன்ஸ், எஃப்.சி., வரி ஆகியவற்றுக்கு மாதம் 3,000, டயர் தேய்மானத்துக்கும் ரிப்பேருக்கும் 3,000 என்று உத்தேசமாக வைத்தால், வண்டி ஓர் அடி நகரும் முன்பே 9,000 ரூபாய் ஆகிவிடுகிறது. டீசலும் டிரைவர் சம்பளமும் இதற்கு மேல். இப்படிப்பட்டவர் வாடகை வண்டியிலேயே இருந்துகொள்வது நல்லது. வாரம் ஐந்தாறு நடை இருந்து, ஹோட்டல்களுக்கும் கல்யாண வீடுகளுக்கும் சரக்கு கொண்டுபோய்க் கொடுக்கிறவருக்குத்தான் சொந்த வண்டி கட்டும். அவரவர் ஊர் வாடகையைப் போட்டு இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பார்த்த பிறகு வண்டி தேடப் புறப்படுங்கள்.

எந்த அளவு வண்டி என்பதிலும் தவறு நடக்கிறது. முதலில் வந்த டாடா ஏஸ் வண்டி 750 கிலோ பாரத்துக்குச் செய்யப்பட்டது. அதாவது 25 கிலோ அரிசிச் சிப்பம் 30, அல்லது 50 கிலோ சர்க்கரை மூட்டை 15. நம்மவர்கள் அதில் ஒன்றரை டன் ஏற்றிவிட்டு, "நன்றாகத்தானே இழுக்கிறது" என்கிறார்கள். அதிக பாரத்துக்கு 2019-ஆம் ஆண்டு திருத்தச் சட்டப்படி 20,000 ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் அதற்கு மேல். உங்கள் வழக்கமான லோடு ஒரு டன்னுக்கு மேல் போகும் என்றால் ஆரம்பத்திலேயே பெரிய வண்டியைப் பாருங்கள்.

விலை பேசும்போது புதிய வண்டியின் இன்றைய விலையைத் தெரிந்து வைத்துக்கொள்வது அவசியம். சரக்கு வண்டிகளுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் நூற்றுக்கு 28-லிருந்து 18 ஆகக் குறைந்தது. விற்கிறவர் தாம் வாங்கிய காலத்து விலையை மனதில் வைத்துத்தான் பேசுவார். புதியதே இறங்கியிருக்கும்போது பழையதும் இறங்கத்தான் வேண்டும்.

பேப்பர் பார்ப்பது எப்படி

வண்டியைப் பார்க்கப் போகும் முன்பே அதன் நம்பரைக் கேட்டு வாங்கிவிடுங்கள். எம்-பரிவாகன் செயலியில் நம்பரைப் போட்டால் பதிவான தேதி, எஃப்.சி. எதுவரை இருக்கிறது, இன்சூரன்ஸ் எதுவரை, ஃபைனான்ஸ் இருக்கிறதா என்பதெல்லாம் தெரியும். போலீஸ் அபராதம் பாக்கி உண்டா என்பதை இ-சலான் இணையதளத்தில் பார்க்கலாம். கடையில் இருக்கிற பிள்ளைகள் இரண்டு நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். இதிலேயே பாதி வண்டிகள் கழிந்துவிடும்; அலைச்சல் மிச்சம்.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து ஃபைனான்ஸ்தான். எங்கள் வீதியில் ஒரு மளிகைக் கடைக்காரர் 2019-ல் ஒரு வண்டி வாங்கினார். வண்டி மேல் கடன் இருந்தது அவருக்கும் தெரியும். மீதி 14 தவணையை இவர் கட்டிக்கொள்ள வேண்டும், கட்டி முடித்ததும் பெயர் மாற்றித் தருவதாக ஒரு பத்திரம் எழுதிக்கொண்டார்கள். இவர் மாதாமாதம் விற்றவர் கையில் பணம் கொடுத்தார். அவர் அதைக் கட்டவில்லை. தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, விருதுநகரில் எண்ணெய் டின்னும் துவரம் பருப்பும் ஏற்றிக்கொண்டு வரும் வழியில் ஃபைனான்ஸ்காரர்கள் வண்டியை மறித்து எடுத்துப் போய்விட்டார்கள். சரக்கு அவருடையதுதான் என்று பில்லைக் காட்டி மீட்க தீபாவளி கழிந்துவிட்டது. அந்த வருடத்துப் பண்டிகை வியாபாரம் போனது, வண்டியும் போனது, கொடுத்த பணமும் வரவில்லை. கடன்காரரிடமிருந்து தவணையோடு வண்டி வாங்குவது சந்தையில் சாதாரணமாக நடக்கிறது என்பதற்காக அதைச் சரியான முறை என்று எண்ணிவிடக் கூடாது. கடன் கொடுத்தவர் கம்பெனிக்கு நேரில் போய் மொத்த பாக்கி எவ்வளவு என்று எழுத்தில் வாங்கி, நம் பணத்தில் அந்தப் பாக்கியை நேரடியாக அந்தக் கம்பெனிக்கே கட்டி, மீதியை மட்டும் விற்பவருக்குக் கொடுப்பதுதான் முறை.

கடன் தீர்ந்துவிட்டது என்று சொன்னாலும், 'ஹெச்.பி. கேன்சல்' ஆகியிருக்கிறதா என்று ஆர்.சி.யைப் பாருங்கள். ஆகாவிட்டால் ஃபைனான்ஸ் கம்பெனியின் என்.ஓ.சி. கடிதமும் அவர்கள் கையெழுத்திட்ட படிவம் 35-ம் வேண்டும். இங்கே ஒரு குழப்பம் வருகிறது. என்.ஓ.சி. என்று இரண்டு இருக்கின்றன. ஒன்று ஃபைனான்ஸ் கம்பெனி கொடுப்பது. மற்றொன்று, வண்டி வேறு ஆர்.டி.ஓ. எல்லையிலிருந்தோ வேறு மாநிலத்திலிருந்தோ வந்தால் அந்த ஆர்.டி.ஓ. அலுவலகம் படிவம் 28-ன் மீது கொடுப்பது. "என்.ஓ.சி. இருக்கிறது" என்று புரோக்கர் சொன்னால் எந்த என்.ஓ.சி. என்று கேளுங்கள்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29-ம் 30-ம் கையெழுத்தாக வேண்டும். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கி, நாலு கை மாறிய பிறகும் முதல் ஓனர் பெயரிலேயே ஓடுகிற வண்டிகள் உண்டு. அந்த வண்டியை நாம் வாங்கினால், கையெழுத்துப் போட்டவர் இப்போது உயிரோடு இருக்கிறாரா, எந்த ஊரில் இருக்கிறார் என்பதே தெரியாது. ஆர்.சி.யில் பெயர் உள்ளவரை நேரில் பார்க்காமல் அச்சாரம் கொடுக்காதீர்கள். பழைய வண்டி வியாபாரம் செய்கிற ஸ்தாபனங்களில் வாங்கினால், 2023 ஏப்ரல் 1 முதல் அவர்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அங்கீகாரச் சான்று பெற்றிருக்க வேண்டும், வண்டி தங்களிடம் வந்ததையும் தெரிவித்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அதைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

எஃப்.சி. விஷயத்தில், சரக்கு வண்டிக்கு 8 ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் அதற்குப் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. காட்ட வேண்டும். 15 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2022 ஏப்ரல் முதல் கட்டணம் பல மடங்கு உயர்ந்துவிட்டது. ஆகவே 13, 14 வயதான வண்டி மலிவாக வருகிறதே என்று மயங்க வேண்டாம். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. கார் ஓட்டுகிற லைசென்ஸ் உள்ளவர் 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது. அதில் சந்தேகம் வேண்டாம்.

வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள்

வேட்டி அழுக்காகும் என்று பார்க்காமல் ஒரு சாக்கை விரித்து அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். டார்ச் லைட் அவசியம். சேஸில் நம்பர் அடித்திருக்கும் இடத்தைத் துடைத்து, தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து, ஆர்.சி.யோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். அந்த இடத்தில் மட்டும் உரசிய தடமோ வெல்டிங்கோ இருந்தால் அந்த நிமிடமே எழுந்து வந்துவிடலாம்.

பிறகு சேஸின் இரண்டு நீள வரிகளையும் முன்னிருந்து பின்வரை பாருங்கள். கேபின் முடிகிற இடத்துக்குப் பின்னாலும், ஸ்பிரிங் பட்டை தொங்குகிற இடங்களிலும்தான் அதிக பாரத்தால் விரிசல் விடும். அங்கே கூடுதல் தகடு வைத்து வெல்டு அடித்திருந்தால், வண்டி முன்பு என்ன பாடுபட்டது என்பது தெரிந்துவிடும். சேஸ் முழுவதும் புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்து மினுக்கியிருந்தால் எனக்கு நல்ல எண்ணம் வருவதில்லை. உழைத்த வண்டியின் அடியில் தூசியும் கிரீஸும் இருப்பது இயல்பு. சிறிய சுத்தியலால் லேசாகத் தட்டிப் பார்த்தால் நல்ல இரும்பு கணீர் என்னும். துரு தின்ற இடம் மந்தமாக ஒலிக்கும்.

ஸ்பிரிங் பட்டைகளை எண்ணுங்கள். அதே மாடல் வண்டி வேறொன்றில் எத்தனை இருக்கிறது என்று பார்த்து ஒப்பிடுங்கள். கூடுதலாகப் பட்டை சேர்த்திருந்தால் அந்த வண்டி அளவுக்கு மேல் பாரம் சுமந்தது என்று அர்த்தம். பட்டை சேர்த்தால் வண்டி தாங்கும், ஆனால் அச்சும் பிரேக்கும் சேஸும் பழையபடியேதான் இருக்கின்றன.

சேஸ் வளைந்திருப்பதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். ரோட்டில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டி, அதன் மேல் வண்டியை நேராக ஓட்டச் சொல்லிப் பின்னால் நின்று பாருங்கள். முன் சக்கர ஈரத்தடமும் பின் சக்கர ஈரத்தடமும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி படிய வேண்டும். ஒரு பக்கம் விலகி, வண்டி நண்டு போலச் சாய்ந்து போனால் அடிபட்ட வண்டி. டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தாலும் சந்தேகப்படுங்கள். விற்பதற்காகவே நாலு டயரையும் ரீட்ரேட் போட்டு இந்த அடையாளத்தை மறைப்பதும் உண்டு.

முன்பு என்ன ஏற்றினார்கள்

மெக்கானிக் இதைப் பார்க்க மாட்டார். மளிகை வியாபாரிதான் பார்க்க வேண்டும். உப்பு ஏற்றிய வண்டி, மீன் ஏற்றிய வண்டி இரண்டும் துருவைத் தங்களோடு கொண்டுவருகின்றன. ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் டாப்பின் தகட்டு இடுக்குகளில் இறங்கி, வெளியே தெரியாமல் தின்றுகொண்டே இருக்கும். தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கத்து வண்டி என்றால் கதவுக் கீல், பின் கதவுக் கொண்டி, தரைத் தகட்டின் மூலைகள் ஆகியவற்றை ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். பட்டி போட்டுப் பெயின்ட் அடித்திருந்தால் உதிரும். காந்தத் துண்டு ஒன்று கையில் இருந்தால் இன்னும் சுலபம். பட்டி கனமாகப் பூசிய இடத்தில் காந்தம் பிடிக்காது.

உரம், பூச்சி மருந்து, மண்ணெண்ணெய், தோல் ஏற்றிய வண்டியை என்ன விலைக்குக் கொடுத்தாலும் அரிசி, மாவு, டீத்தூள் வியாபாரத்துக்கு வாங்கக் கூடாது என்பது என் அபிப்பிராயம். வாடை மட்டும் என்றால் கழுவி வெயிலில் போடலாம். பூச்சி மருந்து மரப் பலகையில் ஊறிவிட்டால் அது வாடை விஷயமாக நிற்காது. சாப்பிடுகிற பொருளில் ஏறும் விஷயம். நடுப்பகலில் தார்ப்பாயை இறுக மூடி அரை மணி நேரம் வெயிலில் நிற்க வைத்து, திறந்தவுடன் தலையை உள்ளே விட்டு முகர்ந்து பாருங்கள். காலையில் கழுவி ஊதுபத்தி கொளுத்தி வைத்த வண்டியும் இதில் உண்மையைச் சொல்லிவிடும்.

டாப்பை நீட்டியிருக்கிறார்களா, பக்கப் பலகையை உயர்த்தியிருக்கிறார்களா, திறந்த வண்டியைப் பெட்டி வண்டியாக மாற்றியிருக்கிறார்களா என்பதையும் ஆர்.சி.யோடு ஒப்பிட வேண்டும். பதிவில் இல்லாத மாற்றம் எஃப்.சி.யில் நிற்காது.

வெள்ளத்தில் நின்ற வண்டிகளும் சந்தைக்கு வருகின்றன. 2023 டிசம்பரில் சென்னையிலும், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் தண்ணீரில் நின்ற வண்டிகள் எத்தனையோ. இருக்கைக்கு அடியிலும், விளக்குக் கூண்டுக்குள்ளும், ஒயர் முடிச்சுகளிலும் வண்டல் படிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இன்ஜினும் ஓட்டமும்

விடிந்தவுடன் போங்கள். முந்தின இரவிலிருந்து ஸ்டார்ட் பண்ணாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். போனவுடன் சைலன்சரில் கை வைத்துப் பாருங்கள். சுட்டால், நமக்கு முன்பே யாரோ சூடாக்கி வைத்திருக்கிறார்கள். ஸ்டார்ட் செய்வதற்கு முன் ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீரில் எண்ணெய் மிதக்கிறதா என்றும், ஆயில் குச்சியை உருவி ஆயில் பால் போல் வெளுத்திருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டில் எது இருந்தாலும் ஹெட் வேலை காத்திருக்கிறது.

ஸ்டார்ட் ஆனபின் நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் குடிக்கிறது. கறும்புகை என்றால் ஏர் ஃபில்டரோ, இன்ஜெக்டரோ. சின்னச் செலவாகவும் இருக்கலாம். ஐட்லிங்கில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபு என்று புகை தள்ளுகிறதா என்று பாருங்கள். தள்ளினால் கம்ப்ரஷன் போய்விட்டது; இன்ஜினைப் பிரித்தாக வேண்டும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.-6 டீசல் வண்டிகளில் டேஷ் போர்டு எச்சரிக்கை விளக்குகளைக் கவனியுங்கள். சாவி போட்டதும் எல்லா விளக்கும் எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பைப் பிடுங்கியிருக்கிறார்கள் என்றே கொள்ள வேண்டும். ஊருக்குள்ளேயே நின்று நின்று ஓடுகிற வண்டியில் புகை வடிகட்டி அடைத்துக்கொள்ளும். அதை மாற்றும் செலவு லேசானது அல்ல. கிலோமீட்டர் காட்டும் எண்ணை நான் பெரிதாக நம்புவதில்லை. பெடல் ரப்பரும் ஸ்டியரிங் தேய்மானமும் அதைவிட நம்பகமானவை.

வெறும் வண்டியை ஓட்டிப் பார்ப்பது போதாது. வாங்குகிற எண்ணம் வந்துவிட்டால், உங்கள் கடையிலிருந்தே பத்துப் பன்னிரண்டு மூட்டை ஏற்றி, ஒரு மேட்டில் மூன்றாவது கியரில் ஏற்றிப் பாருங்கள். இன்ஜின் கத்துகிறது, வண்டி இழுக்கவில்லை என்றால் கிளட்ச் பிளேட் முடிந்துவிட்டது. இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டவுடன் கியர் கழன்று விழுந்தால் கியர் பெட்டியில் வேலை. பாரத்தோடு பிரேக் அடித்தால் ஒரு பக்கம் இழுக்கிறதா என்பதும் அப்போதுதான் தெரியும். மூட்டை ஏற்ற விடமாட்டேன் என்கிற ஓனரிடம் நான் மேற்கொண்டு விலை பேசுவதில்லை.

பணம் கொடுப்பதும் வண்டி எடுப்பதும்

பணத்தைப் பாங்கு வழியாகவே கொடுங்கள். வருமான வரிச் சட்டப்படி, வியாபாரத்துக்கு வாங்கும் சொத்துக்கு ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தத் தொகையைத் தேய்மானக் கணக்கில் சேர்க்க முடியாது. 3 லட்சத்தை ரொக்கமாகக் கொடுத்துவிட்டு ஆண்டுக்கு நூற்றுக்கு 15 தேய்மானத்தை இழக்க வேண்டாம். 2 லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவது விற்பவருக்கும் சட்ட விரோதம்.

இன்சூரன்ஸை 14 நாளுக்குள் நம் பெயருக்கு மாற்றிவிட வேண்டும். மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு வண்டியோடு தானாகவே வந்துவிடும். ஆனால் நம் வண்டிக்கே சேதம் வந்தால், பாலிசி பழைய ஓனர் பெயரில் இருக்கும்வரை கம்பெனி பணம் தராது. நோ கிளைம் போனஸ் விற்றவருக்குச் சொந்தமானது, நமக்கு வராது; அந்த வித்தியாசத்தைக் கட்ட வேண்டியிருக்கும். பெயர் மாற்றத்தை 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தாக்கல் செய்துவிடுங்கள். நீங்கள் உங்கள் பழைய வண்டியை விற்கிறவராக இருந்தால் இது இன்னும் முக்கியம். வண்டியை விற்றுவிட்டாலும், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

வண்டியை ஒப்படைக்கும் சீட்டில் தேதியோடு மணியையும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். காலை பத்து மணிக்கு நடந்த விபத்துக்கு, பகல் பன்னிரண்டு மணிக்கு வண்டி எடுத்தவர் ஸ்டேஷனுக்கு அலைய வேண்டியதில்லை. அதே சீட்டில் பேட்டரி நம்பர், ஐந்து டயர்களின் நம்பர், ஜாக்கி, தார்ப்பாய், இரண்டு சாவி ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் குறிப்பை அச்சாரம் கொடுக்கும் அன்றே எழுத வேண்டும். அச்சாரம் கொடுத்த நாளுக்கும் வண்டி எடுக்கும் நாளுக்கும் இடையில்தான் நல்ல பேட்டரியும் ஸ்டெப்னியும் இடம் மாறுகின்றன.